கருமணலும் ஒளி பருகும் மின்வாயும்

திருகோணமலையின் சல்லிக் கரையிலிருந்து கடலை வலப்புறம் கொண்டு நிலாவெளி, குச்சவெளி வழியே வடக்கே சென்றால் புல்மோட்டை வரும். அங்கே கரையில் கிடப்பது கருமணல். அதன் பெரும்பகுதி இல்மனைட்டு. இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனோடு கூடிய கனியம். இரும்பைப் பிரித்தெடுத்தால் பால்வெண்மையான தைத்தானியம் ஈரொட்சைட்டு கிடைக்கும். தீந்தைக்கு வெண்மை தரும் அத்தூளே சாயமேற்றிய ஞாயிற்றுக் கலத்தின் ஒளிமின்வாய்க்கும் உடலாகிறது.

அவ்வெண்தூள் தானாகக் கொள்வது புறவூதாக் கதிரை மட்டுமே. கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பருகுவது அதன்மேல் ஒட்டிய சாயம். ஒளிபட்ட சாய மூலக்கூறு ஓர் இலத்திரனை அத்தூளாலான வெண்படலத்துக்கு ஈகிறது. அந்த இழப்பை அயடைட்டுக் கரைசல் ஈடுசெய்கிறது. சாயமோ ஒற்றை மூலக்கூற்றுத் தடிப்பில் ஒட்டினால்தான் பயன் தரும். வழவழப்பான தட்டில் அத்துணை மெல்லிய சாயம் பருகும் ஒளி மிகச் சிறிது. 1991 இல் சுவிற்சர்லாந்தில் பிரயன் ஓரீகனும் மைக்கேல் கிரெற்செலும் இத்தடையை வென்றனர். நானோத் துணிக்கைகளால் 10 மைக்கிரோமீற்றர் தடிப்பில் படலம் அமைத்து, பரப்பை ஏறத்தாழ 780 மடங்காக்கி, 7 சதவீதத்துக்கு மேல் திறன் கண்டனர்.

படலம் செய்யும் முறை மிக எளியது. கடத்தும் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் ஒட்டுநாடா ஒட்டி, நடுவே வெண்பசை இட்டு, கண்ணாடிக் கோலால் ஒரே இழுப்பில் பரப்புவார்கள். உலர்ந்ததும் நாடாவை உரித்து, 450 பாகை செல்சியசு அளவில் சுடுவார்கள். பசையிலுள்ள சேதனப் பொருள் கருகும்போது படலம் பழுப்பேறும். அது முற்றாக எரிந்ததும் மீண்டும் வெளுக்கும். அச்சூட்டில்தான் துணிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்து இலத்திரனுக்கு வழி சமைக்கின்றன.

ஆனால் பரப்புப் பெருகக் கசிவும் பெருகும். கண்ணாடியை அடையுமுன்னே இலத்திரன் கரைசலோடு சேர்ந்து வீணாகிறது. மின்வாயைத் திருத்துவதென்பது முதன்மையாக இக்கசிவை அடைப்பதே என்பேன். இதில் நம் நாட்டவர் பங்கு பெரிது. கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1999 இல் வெள்ளீய ஒட்சைட்டையும் நாக ஒட்சைட்டையும் கலந்து மின்வாய் செய்தனர். இரண்டும் தனித்தனியே தராத திறனைக் கலவை தந்தது. பின்னர் வெள்ளீய ஒட்சைட்டுத் துணிக்கைமேல் மகனீசியம் ஒட்சைட்டை மென்தோலாகப் போர்த்தியும் கசிவைக் குறைத்தனர். தோல் தடித்தாலோ இலத்திரன் உள்ளே நுழையவும் இயலாது. அந்த அளவறிதலே இங்கு நுட்பம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் பு. ரவிராஜன் குழுவினர் வெண்படலத்தில் பிற உலோகங்களைச் சிறிதளவு ஊட்டி ஆராய்ந்து வருகின்றனர்.

எதிரே நிற்கும் இரண்டாம் மின்வாய்க்கு விலைமிக்க பிளாற்றினம் வழக்கம். காபனும் அவ்வேலையைச் செய்யும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் என்னும் தூய காபன் நம்மிடமே உண்டு.

இருந்தும் புல்மோட்டை மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. அதே கரையோரத்தில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கு பயிலும் பிள்ளைகளே, அம்மணலை உங்கள் ஆய்வுகூட மேசைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் முதல் மின்வாயை அதிலிருந்தே சுட்டெடுங்கள்.