பிக்கப் வண்டித் திருட்டு: பூட்டும் சட்டமும் தொழிற்பேட்டையின் கடமையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், மாவட்டத் தலைநகரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை, மிஷெலின் டயர் ஆலை அமைந்துள்ள தேர்வாய் கண்டிகை ஆகிய இடங்களில் கனரக லாரிகளே முதலில் கண்ணில் பட்டாலும், ஆலைக்கும் பட்டறைக்கும், பட்டறைக்கும் கிடங்குக்கும் இடையே அன்றாடம் ஓடிச் சரக்கைச் சேர்ப்பவை பிக்கப் வகைச் சிறிய சரக்கு வண்டிகளே ஆகும். 2005இல் அறிமுகமாகிக் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் ஆகியவை இந்த வகையில் பரவலாகக் காணப்படுபவை. இவற்றில் பல, கடன் தவணை கட்டி ஓட்டுபவரே உரிமையாளராகவும் இருக்கும் ஒற்றை வண்டிகள் என்பதால், வண்டி களவு போகும் நாளில் சொத்தோடு வருமானமும் நின்றுவிடுகிறது. தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகவே, இந்த வண்டிகளின் பாதுகாப்பு தனிமனிதரின் எச்சரிக்கை உணர்வோடு முடிந்துவிடும் செய்தியன்று. தொழிற்பேட்டையின் ஒழுங்கோடும் சட்டத்தின் நடைமுறையோடும் பிணைந்தது.

எல்லையோரம் என்பதன் பொருள்

சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாகச் சென்று தடாவில் ஆந்திரப் பிரதேசத்துக்குள் நுழைகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்படும் வண்டி, போக்குவரத்து குறைவாக இருக்கும் இரவில், அரை மணி நேரத்துக்குள் மாநில எல்லையைக் கடந்துவிட முடியும். மாதர்பாக்கம் வழியாகச் சத்தியவேட்டுக்கும், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரத்துக்கும் செல்லும் பக்கச் சாலைகளும் உண்டு. தெற்கே திரும்பினால், 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லை செங்குன்றத்தை உள்ளடக்கி நிற்கிறது. அதாவது, திருடப்பட்ட வண்டி ஒரு மணி நேரம் ஓடினாலே ஒரு காவல் அமைப்பின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்குப் போய்விடுகிறது. இதனால் இந்த வட்டாரத்தில் பாதுகாப்பு என்பதை நிமிடக் கணக்கில் அளப்பதே பொருத்தம்: திருடுவதற்குத் தேவைப்படும் நிமிடங்களைக் கூட்டுவது ஒரு பாதி, திருட்டு தெரியவருவதற்கும் புகார் பதிவாவதற்கும் ஆகும் நிமிடங்களைக் குறைப்பது மறுபாதி.

கதவு, ஸ்டீயரிங், கியர்

ஆண்டுக்கணக்கில் ஒரே சாவியால் திறந்து மூடப்பட்ட கதவுப் பூட்டின் உட்பகுதி தேய்ந்துவிடுவதால், பழைய வண்டிகளின் கதவை வேறு சாவியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ திறப்பது எளிதாகிவிடுகிறது. எனவே முதல் செலவு, தேய்ந்த பூட்டையும் இக்னிஷன் பூட்டையும் சாவியோடு சேர்த்து மாற்றுவதாக இருப்பது நல்லது. வண்டியோடு வரும் ஸ்டீயரிங் பூட்டு பலமாகத் திருகினால் உடையக்கூடியது என்பதால், தரைத் தகட்டோடு இறுக்கப்பட்டு, ரிவர்ஸ் கியரில் தண்டைப் பிடித்து நிறுத்தும் கியர் லாக் அதற்குத் துணையாகிறது. அதை அறுப்பதற்குக் கருவியும் நேரமும் வேண்டும், சத்தமும் எழும். வெளியிலிருந்து பார்த்தவுடன் தெரியும்படி சக்கரத்திலோ ஸ்டீயரிங்கிலோ மாட்டப்படும் பூட்டுக்குத் தனிப் பயன் உண்டு: அது, இந்த வண்டியில் கைவைத்தால் தாமதமாகும் என்பதைத் திருட வருபவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை மறைவான இடத்தில் பொருத்துவது மலிவான ஏற்பாடு. ஆயினும் அதன் பயன் எஞ்சினின் வகையைப் பொறுத்தது. இயந்திர வகை டீசல் பம்ப் கொண்ட பழைய எஞ்சின், ஒருமுறை ஓடத் தொடங்கினால் மின்சாரத்தைப் பெரிதும் சாராமல் ஓடக்கூடியது. சரிவில் தள்ளிவிட்டும் அதைக் கிளப்ப முடியும். அத்தகைய வண்டியில் டீசல் குழாயை அடைக்கும் மறைவான வால்வு கூடுதல் பலன் தரும். டீசலை எப்போது, எவ்வளவு பாய்ச்சுவது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கும் காமன் ரெயில் எஞ்சின்களோ, அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஓடவே மாட்டா.

இம்மொபிலைசரும் ஜிபிஎஸ்ஸும்

சாவிக்குள் பதிக்கப்பட்ட சிறு சில்லு அனுப்பும் மறைக்குறியீடு சரியாக இருந்தால் மட்டுமே எஞ்சினை இயங்கவிடும் கருவிக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இது 1998இல் கட்டாயமாக்கப்பட்டது. நெதர்லாந்தின் தரவுகளை ஆராய்ந்த யான் வான் ஊர்ஸ், பென் வொல்லார்ட் என்னும் பொருளியலாளர்கள், இந்தக் கருவி இல்லாத பழைய கார்களின் பக்கம் திருடர்கள் திரும்பியதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், மொத்தக் கார்த் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் கண்டறிந்தனர். இதிலிருந்து பிக்கப் உரிமையாளர் பெறும் பாடம் இரண்டு: வண்டி வாங்கும்போது இம்மொபிலைசர் உள்ள மாதிரியைக் கேட்டு வாங்குவது பலன் தரும், அது இல்லாத பழைய வண்டியை வைத்திருப்பவர் மற்றவர்களைவிடக் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் கருவி, செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக உரிமையாளரின் செல்பேசிக்குத் தெரிவிக்கிறது. கருவியைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் அது இருக்க வேண்டும். வண்டியின் பேட்டரி கழற்றப்பட்டாலும் சில மணி நேரம் இயங்கும் சொந்த பேட்டரி அதற்கு இருக்க வேண்டும். சிம் கார்டின் சந்தா காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் ஓர் எல்லையை வரைந்து, இரவு நேரத்தில் வண்டி அதைத் தாண்டினால் உடனே மணி ஒலிக்கச் செய்யும் வசதியே எல்லையோர வட்டாரத்துக்கு மிகவும் தேவையானது. காலையில் எழுந்து வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தால், அதற்குள் வண்டி நெல்லூரைத் தாண்டியிருக்கலாம். கண்ணாடியில் ஒட்டப்பட்ட ஃபாஸ்டேக் பிடுங்கப்படாமல் இருந்தால், நல்லூர் சுங்கச்சாவடியிலோ எல்லைக்கு அப்பால் சூளூர்பேட்டையிலோ கட்டணம் பிடிக்கப்பட்ட குறுஞ்செய்தி, வண்டி சென்ற திசையையும் நேரத்தையும் காட்டிவிடும்.

வண்டி நிற்க, பொருள் போவது

முழு வண்டியும் திருடு போவதைக் காட்டிலும், பேட்டரி, ஸ்டெப்னி, டீசல், தார்ப்பாய்க்குக் கீழேயுள்ள சரக்கு ஆகியவை போவது வெளிப்பார்வைக்குச் சிறிய இழப்பாகத் தோன்றினாலும், நாள் கூலிக்கு ஓடும் வண்டியை அது ஒரு நாள் முழுக்க முடக்கிவிடுகிறது. பேட்டரியின் ஈயத்துக்குப் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை கிடைப்பதே அது குறிவைக்கப்படக் காரணம். சேசிஸோடு வெல்டிங் செய்த இரும்புப் பட்டையும் நல்ல பூட்டும் அதற்குப் போதிய காவல். ஸ்டெப்னியைத் தாங்கும் போல்ட்டுக்குப் பூட்டுடன் கூடிய நட்டும், டீசல் டேங்குக்குச் சாவி மூடியும், குழாய் விட்டு உறிஞ்ச முடியாதபடி அதன் கழுத்தில் வலையும் பொருத்தலாம். சைலன்சரோடு சேர்ந்து வரும், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால், குஜராத்தில் ஈகோ வேன்களின் சைலன்சர் திருட்டு பெருகியதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

சரக்கைப் பொறுத்தவரை, கயிற்றால் கட்டிய தார்ப்பாய் மழைக்குத் தடையே தவிரக் கத்திக்குத் தடையன்று. மதிப்புமிக்க செம்பு, மின்பொருள், மோட்டார் உதிரிபாகம் போன்றவற்றை அடிக்கடி ஏற்றுபவர்கள் மூடிய பெட்டி பாடி கட்டிக்கொள்வது தகும். ஆனால் பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படியான எந்த மாற்றத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. பெட்டி இல்லாதவர்கள், இரவில் பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி நிறுத்தலாம். இரண்டு வண்டிகளின் பின்கதவுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்படி நிறுத்தினால் இரண்டையுமே திறக்க முடியாது. கேபினில் செல்பேசி, பில், பணம், பதிவுச் சான்று எதுவும் வெளியே தெரியும்படி இருக்கலாகாது. கேபினிலேயே உறங்கிக் காவல் காக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தாலும், திருடரை எதிர்கொள்ள நேர்ந்தால் உயிரே முதன்மையானது. கதவைப் பூட்டிக்கொண்டு ஹாரனை அழுத்துவதும் 112ஐ அழைப்பதும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பொதுவான திருட்டுக்கு 303ஆம் பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. சரக்கு அல்லது பயணிகளை ஏற்றப் பயன்படும் வாகனத்தைத் திருடுவதையும், அத்தகைய வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதையும் 305ஆம் பிரிவு தனியே குறிப்பிட்டு, ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் வாகனத் திருட்டைப் பொதுத் திருட்டாகவே கருதிய நிலையில், இது குறிப்பிடத்தக்க மாற்றமாகும். புகார் கொடுப்பவர் இந்தப் பிரிவை அறிந்திருப்பது, வழக்கு உரிய கனத்தோடு பதிவாக உதவும்.

குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்றும், மின்னணு வழியில் தந்தால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும் என்றும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு கூறுகிறது. எல்லைகள் நெருக்கமாக அமைந்த இந்த வட்டாரத்தில், “அது எங்கள் எல்லை இல்லை” என்ற பதிலுக்கு இனி இடமில்லை என்பதே இதன் பொருள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு என்பதையும் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்பது பின்னதையே. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

காப்பீட்டின் நுண்ணெழுத்து

சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்பை மட்டுமே ஈடுசெய்யும். திருட்டுக்கு இழப்பீடு வேண்டுமாயின் முழுமையான காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அதிலும் கிடைப்பது வாங்கிய விலை அன்று. தேய்மானம் கழித்துப் பாலிசியில் குறிப்பிடப்பட்ட மதிப்பே ஆகும். கடன் நிலுவையில் இருந்தால் அந்தத் தொகை முதலில் நிதி நிறுவனத்துக்கே போகும். வண்டி அப்படியே நிற்க, துணைக்கருவிகள் மட்டும் திருடு போனால் வழக்கமான வணிக வாகனப் பாலிசி இழப்பீடு தருவதில்லை. ஏற்றிய சரக்குக்கோ தனியாகப் போக்குவரத்துக் காப்பீடு தேவை.

காவல் துறையிடம் உடனே புகார் பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தருவதில் நேர்ந்த தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சாவியை இக்னிஷனிலேயே விட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கிய நேரத்தில் வண்டி திருடு போன அசோக் குமார் வழக்கில், 2023இல் அதே நீதிமன்றம் 75 சதவீத இழப்பீடு வழங்கச் செய்தது. உரிமையாளருக்கு இது ஆறுதல் தரும் தீர்ப்பானாலும், கவனக்குறைவுக்குக் கால் பங்கு விலையும் நீண்ட வழக்கும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் அது காட்டுகிறது. இழப்பீடு கோரும்போது இரண்டு சாவிகளையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் என்பதால், மாற்றுச் சாவி வண்டியில் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும்.

வாங்குபவரின் பொறுப்பு

திருட்டுப் பொருளை வாங்க ஆள் இல்லாவிட்டால் திருட்டும் நீடிக்காது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு எண் பலகையில் லேசரால் பொறித்த அடையாள எண்ணும், கழற்றினால் உடையும் பூட்டும் இருப்பதால், சாதாரணப் பலகை மாட்டிய புதிய வண்டி ஐயத்துக்குரியது. பழைய பிக்கப் வாங்குபவர், சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுவதோடு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் அது திருட்டு வண்டியா என்றும் பார்த்துவிட வேண்டும். தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். பயன்படுத்திய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும் என 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுவதும் இதே சங்கிலியை அறுப்பதற்கு உதவக்கூடியதே.

தொழிற்பேட்டையின் கடன்

குற்றவியல் அறிஞர்கள் லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் இருவரும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, குற்றம் செய்யத் துணிந்தவர், அதற்கேற்ற இலக்கு, காவலற்ற நிலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடும்போதே திருட்டு நிகழ்கிறது. முதலாவதைக் கையாள்வது காவல் துறையின் பணி. இரண்டாவதைப் பூட்டுகளாலும் கருவிகளாலும் கடினமாக்குவது உரிமையாளரின் பணி. மூன்றாவது பெரும்பாலும் தொழிற்பேட்டையின் கையில் இருக்கிறது. சரக்கு இறக்கக் காத்திருக்கும் சிறிய வண்டியை ஆலை வாயிலுக்கு வெளியே, விளக்கில்லாத சாலையோரத்தில் இரவு முழுவதும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அதன் பாதுகாப்பை ஓட்டுநர் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. அந்த வண்டி சுமந்து நிற்பது ஆலையின் சரக்கையே.

ஆலைகள் தம் வளாகத்துக்குள் சிறிய வண்டிகளுக்கு இடம் ஒதுக்குவதும், சிப்காட்டும் சிட்கோவும் தம் தொழிற்பேட்டைகளில் விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் கழிப்பறையும் கொண்ட பொது நிறுத்துமிடங்களை அமைத்துப் பராமரிப்பதும், ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து நிறுத்தித் தங்களுக்குள் அழைப்பு எண்களைப் பகிர்ந்துகொள்வதும் செலவு மிகுந்த காரியங்கள் அல்ல. கியர் லாக்கை வாங்க ஓர் ஓட்டுநரால் முடியும். தெருவிளக்கு நட அவரால் முடியாது. அதைச் செய்ய முடிந்தவர்கள் செய்தால்தான், அவர் பூட்டிய பூட்டுக்கும் முழுப் பயன் கிடைக்கும்.