ப்ராஜெக்ட் யாருக்கு? பெண்ணுக்கா, அம்மாவுக்கா?

"அம்மா, சோழர் காலத்தைப் பத்தி ப்ராஜெக்ட் செய்யணுமாம். பத்தே நாள்தான் இருக்கு!"

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் சின்னவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்ன சேதி இது. கேட்டதுமே எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. குழந்தைகளுக்கு ப்ராஜெக்ட் என்றால் பாதி வீடுகளில் அது அம்மாவுக்குத்தானே பரீட்சை!

ஒரு உண்மையைச் சொல்லி விடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் பெரியவன் ஏழாவது படிக்கும்போது சிந்து சமவெளி நாகரிகம் பற்றிச் செய்யச் சொன்னார்கள். அட்டை, களிமண், பெயிண்ட் எல்லாம் வாங்கி வந்து, மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து நானே செய்தேன். படிக்கட்டு, செங்கல் கோடு எல்லாம் அச்சு அசல். பையன் பாட்டுக்குத் தூங்கிக் கொண்டிருந்தான். முதல் பரிசும் வந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்த என் அண்ணன், "மாப்பிள்ளே, மொகஞ்சதாரோ எந்த நாட்டிலே இருக்கு?" என்று சும்மா கேட்டார். பையன் என் முகத்தைப் பார்த்தான். பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தில் இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. "பரிசு உனக்கா, உங்கம்மாவுக்கா?" என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுருக்கென்று தைத்தது.

அதனால் இந்தத் தடவை ஒரே முடிவு. கூட இருப்பேன், ஆனால் கை வைக்க மாட்டேன்.

சுடுகிற தரையும் விழாத நிழலும்

நாங்கள் இருப்பது கும்பகோணம். சனிக்கிழமை காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனோம். எத்தனையோ தடவை போன கோயில்தான். சாமி கும்பிட்டு, நந்தியைச் சுற்றி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுத் திரும்பி விடுவோம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு போனது இதுதான் முதல் தடவை.

முதலாம் ராஜராஜ சோழன் 985-ல் பட்டத்துக்கு வந்தான். இந்தக் கோயில் 1010-ல் நிறைவு பெற்றது. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 1987-ல். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. நேரில் போனதில் கிடைத்தது வேறு.

ஸ்டேஷனரிக் கடையில் வாங்கின படத்தின் பின்பக்கத்தில், "இக்கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்று அச்சடித்திருந்தது. அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். காலை வெயிலிலேயே கல் தரை சுடத் தொடங்கிவிட்டது. செருப்பில்லாத கால். இருவரும் ஓடிப்போய் விமானத்துக்கு மேற்கே நிழலில் நின்றோம். பக்கத்தில் ஒருவர் வெளியூர்க்காரர்களிடம், "இந்தக் கோபுர நிழல் கீழே விழவே விழாது" என்று விளக்கிக் கொண்டிருந்தார். அவர்களும் அதே நிழலில்தான் நின்று கேட்டுக் கொண்டிருந்தார்கள்!

சின்னவள் என் புடவையை இழுத்தாள். "அம்மா, அப்ப நாம எதிலே நிக்கிறோம்?"

நோட்டில் எழுதியிருந்ததை அவளே அடித்தாள். நாற்பது வருஷமாக நானும் அதைச் சொல்லிக் கொண்டிருந்தவள்தான். ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

மாமியாரின் உழக்கு

விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. பழைய எழுத்து என்பதால் முழுசாகப் படிக்க வரவில்லை. நம் எழுத்துப் போலவே இருக்கிற ஒன்றிரண்டை விரல் வைத்துக் காட்டிக் குதித்தாள். ஊருக்கு வந்து நூலகத்தில் கோயிலைப் பற்றிய புத்தகம் எடுத்தோம். ராத்திரி வேலை முடிந்ததும் அவள் படிக்க, நான் கேட்பேன்.

அரசன் கொடுத்ததோடு, அவன் அக்கா குந்தவை கொடுத்ததும், அரசிமார் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். கோயிலில் பணி செய்ய 400 நடனப் பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தி பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. ஒருத்திக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷம் கழித்தும் அந்தப் பெண்களின் விலாசம் அழியவில்லை என்று நினைத்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

சின்னவளைப் பிடித்துக் கொண்டது விளக்குக் கணக்குதான். ஒரு விளக்கு அணையாமல் எரிய, நாளொன்றுக்கு ஒரு உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகளைக் கொடுத்தார்கள்.

"உழக்குன்னா எவ்வளவும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் எழுந்து போய், பரணையிலிருந்து பழைய பித்தளை உழக்கை எடுத்து வந்தார். "இதுதாண்டி உழக்கு. நாலு உழக்கு ஒரு படி. நான் கல்யாணமாகி வந்தப்போ இதிலேதான் அளப்போம்."

அன்றைய அளவும் இன்றைய அளவும் ஒன்றேயாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்வெட்டில் இருக்கிற வார்த்தை அப்பாயியின் வாயிலும் இருக்கிறதே! அவள் உடனே கணக்குப் போட்டாள். வருஷத்துக்கு 365 உழக்கு. நாலு உழக்கு ஒரு நாழி என்றால் 91 கால் நாழி நெய்.

"ஆடு செத்துப்போனா விளக்கு அணைஞ்சிடுமா?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஆடுகளை இடையர் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். குட்டிகள் பிறக்கும், கிழடுகள் போகும். ஆனால் கணக்கில் 96 குறையக் கூடாது. நெய் தினமும் வந்துவிட வேண்டும். அதனால் இவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். பேங்கில் போட்ட டெபாசிட்டைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது போல என்று நான் சொன்னேன். பளிச்சென்று புரிந்து கொண்டாள்.

காபி இல்லாத ஞாயிற்றுக்கிழமை

கல்வெட்டில் சுவாமி அமுதுக்கான சாமான்களும் வருகின்றன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, சர்க்கரை. நம் அஞ்சறைப் பெட்டியேதான்! ஆனால் மிளகாய் இல்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியர் வழியாக நம் பக்கம் வந்தவை. ராஜராஜன் மிளகாயைக் கண்ணாலும் பார்த்ததில்லை.

"ஒரு நாள் அப்படிச் சமைச்சுப் பார்க்கலாம்மா" என்றாள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து, புளி கரைத்து விட்டு மிளகுக் குழம்பு. பாசிப்பருப்பு, மிளகு தூவிய வாழைக்காய்ப் பொரியல், கட்டித் தயிர். சோழர் வீட்டில் இப்படியேதான் சமைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு இருந்த சாமானை வைத்துச் செய்தோம், அவ்வளவுதான். என் கணவர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

காலையில் காபியை நிறுத்தியதுதான் வம்பாகிவிட்டது. "சோழன் இருந்துட்டுப் போகட்டும், எனக்குக் காபியைக் குடு!" என்றார் மாமியார். அவருக்கு மட்டும் விதிவிலக்கு.

பரிசு

ப்ராஜெக்டை அவளே எழுதினாள், அவளே வரைந்தாள். 96 ஆடுகளையும் வரைந்தே தீருவேன் என்று பிடிவாதம். பாதி ஆடு பூனை மாதிரி இருந்தது. திருத்திக் கொடுக்கக் கை பரபரத்தது. அடக்கிக் கொண்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்த தெர்மோகோல் கோயில் ஒன்றுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் குழந்தை அழுதபோது, நாம் கொஞ்சம் கை வைத்திருக்கலாமோ என்று என் மனசும் ஆடிப் போனது நிஜம்.

ராத்திரி, கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் பெரியவன் அவள் நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தான். "அதென்ன, ஆடு சாகவே சாகாதா?" என்று கிண்டலாகக் கேட்டான். அவ்வளவுதான்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, உழக்கைக் கையில் எடுத்து அண்ணனுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். ஆடு, நெய், இடையர், நிழல், மிளகாய் என்று அரை மணி நேரம். ஒரு இடத்திலும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சகோதரிகளே, என் அனுபவத்தில் சில வார்த்தை:

* பசங்க செய்யட்டும். கோணலாக இருந்தாலும் அது அவர்களுடையது.

* வீட்டுப் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். படி, உழக்கு, மரக்கால் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

* பக்கத்து ஊர்க் கோயிலோ கோட்டையோ, ஒரு தடவை நோட்டுப் புத்தகத்தோடு கூட்டிப் போங்கள். கடைப் படத்தில் இருப்பதை நேரில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

* தெரியாத கேள்விக்கு, "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

மாமியாரின் உழக்கு இப்போது பரணையில் இல்லை. சின்னவளின் படிப்பு மேஜையில், பென்சில்களைத் தாங்கி நிற்கிறது.