செலவு என்னும் சொல்லும் வலையமைப்பின் வழியும்

'செலவு' என்றவுடன் கைப்பொருள் குறைவதே இன்று நம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் பயணத்தைக் குறித்தது. 'செல்' என்னும் வினையடியிற் பிறந்த தொழிற்பெயர் அது. தலைவன் பிரிந்து செல்வதைத் தவிர்த்தலைச் 'செலவழுங்கல்' என்பது அகப்பொருள் மரபு. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடமொன்று கணினி வலையமைப்பில் உண்டு.

வலையமைப்புகளை இணைத்துத் தரவுக்கு வழிகாட்டும் கருவி திசைவி. அண்டைத் திசைவி சொல்லும் தொலைவை நம்பி வழியறிவது ஒரு முறை. அது செவிவழிச் செய்தி போன்றது. மற்றொன்று இணைப்புநிலை முறை. இதில் ஒவ்வொரு திசைவியும் தன்னோடு நேரே இணைந்த தடங்களின் நிலையை மட்டுமே அறிவிக்கும். அவ்வறிவிப்பு மாற்றமின்றி ஒரு பரப்பிலுள்ள எல்லாவற்றுக்கும் பரவும். ஆதலால் யாவற்றிடமும் ஒரே வரைபடம் அமையும். டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறையால் ஒவ்வொன்றும் தானே வழி காணும். 'ஓஎஸ்பிஎஃப்' என்னும் நெறிமுறை இவ்வகையினது.

மூவார், பத்து பகாட், சிகாமட் ஆகிய ஊர்களில் ஒரு நிறுவனத்துக்குக் கிளைகள் இருப்பதாகக் கொள்வோம். மூவாருக்கும் பத்து பகாட்டுக்கும் இடையே நொடிக்கு 10 மெகாபிட் தடம். ஏனைய இரண்டும் 100 மெகாபிட் தடங்கள். வழக்கமான அமைப்பில் 100ஐத் தடத்தின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது செலவு. நேர்வழிக்குச் செலவு 10. சிகாமட் வழியே 1உம் 1உம் சேர்ந்து 2. சாலையிற் செல்வோர்க்குச் சுற்றுவழியானது தரவுக்குக் குறுக்குவழியாகிறது.

இங்கே ஓர் இடர் உண்டு. செலவு 1க்குக் கீழ் இறங்காது. எனவே 1000 மெகாபிட் தடமும் 100 மெகாபிட் தடமும் ஒன்றாகவே எண்ணப்படும். வகுபடும் எண்ணை உயர்த்துதலே தீர்வு. அதனை எல்லாத் திசைவிகளிலும் ஒரே அளவாக உயர்த்த வேண்டும்.

அண்டைத் திசைவிகள் உறவு கொள்ளவும் ஒப்புமை வேண்டும். பொதுவாக 10 நொடிக்கொரு முறை வணக்கம் சொல்லும். 40 நொடி மறுமொழி இன்றேல் உறவு அறும். இவ்விடைவெளிகளோ பரப்பின் எண்ணோ வேறுபட்டால், கம்பி நலமாயிருந்தும் உறவு பிறவாது. பொது வழக்கு இல்லாத இருவரிடையே உரையாடல் நிகழாததும் இவ்வாறே.

கட்டளைகளை மனப்பாடம் செய்த மாணவர் இத்தகைய பிழை நேரும்போது திகைத்து நிற்பார். பொருளுணர்ந்தவரோ இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆதலால் ஆசிரியர்கள் விசைப்பலகையைத் தொடுமுன் கரும்பலகையில் மூன்று ஊர்களை வரைந்து, செலவைத் தமிழிலேயே கூட்டச் சொல்லுதல் நன்று.