அப்பா பூசிய சிலிக்கோன்

மழை பெய்த மறுநாள் எங்கள் காரின் பூட்டைத் திறந்தால் ஸ்பேர் டயர் மிதக்காத குறைதான். அம்மா பின்சீட்டில் உட்காருவதை நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. "இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்பா" என்றான் அண்ணன். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஹார்ட்வேர் கடைக்குப் போய் இன்னொரு சிலிக்கோன் டியூப் வாங்கி வந்தார்.

கார், 1988ஆம் ஆண்டு வோல்வோ 240. வோல்வோ கார்களைப் பொருத்துவதற்காக 1967இல் ஷா ஆலம், பத்து தீகாவில் திறக்கப்பட்டதுதான் நம் நாட்டின் முதல் கார் பொருத்தும் ஆலை. அதனால் அப்பாவுக்கு இது சுவீடன் கார் இல்லை, "நம்ம ஊர்ல பொறந்த வண்டி". என்னைப் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் ஏற்றிப்போனது இதுதான். விற்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

எங்களுக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். பின்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பட்டையை விரலால் அழுத்தினார். ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. "மேல மேல பூசியிருக்காங்க தங்கச்சி. உள்ள போன தண்ணி வெளியே வர வழியில்ல. பட்டையைக் கழட்டணும். கீழே ஸ்குரூடிரைவர் உள்ள இறங்குச்சுன்னா, கண்ணாடியை எடுத்து வெல்டிங்தான். அந்தச் செலவுக்கு வேற காரே வாங்கிடலாம்."

பூசியது யார் என்று அவர் கேட்கவில்லை. அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தினமும் நான்கு மணி நேரம் மைக் முன்னால் பேசுகிறவள் நான். "பா, நீங்க பூசினதை எடுக்கணும்" என்ற ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. "எடும்மா" என்றார், அவ்வளவுதான்.

விடுமுறை நாளில் காரைப் போர்ச்சில் நிறுத்தினோம். முதலில் கண்ணாடியைச் சுற்றியுள்ள சாயத்தின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. அந்தக் கால பிளாஸ்டிக்கும் ரப்பரும் காய்ந்த அப்பளம் மாதிரி, அவசரப்பட்டால் உடையும். என் ஹேர் டிரையரால் பட்டையை ஒரு சாண் அளவுக்குச் சூடாக்கி, அடியில் மீன்பிடி நைலான் நூலை நுழைத்து, இரு முனையையும் பிடித்து ரம்பம் போல இழுத்தோம். ஒரு முனை என் கையில், மறுமுனை அப்பா கையில். பசை அறுந்த இடத்தில் பிளாஸ்டிக் கரண்டியை விட்டு மெல்ல நெம்பினால், கிளிப்பிலிருந்து பட்டை கழன்றுவரும். இரும்பு ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். சாயத்தில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த துரு அங்கேதான் தொடங்கும். ஒரு பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இரண்டு கிளிப் உடைந்தன, இரண்டும் என் கைவண்ணம்.

பட்டைக்கு அடியில் அப்பாவின் சனிக்கிழமைகள் அடுக்கடுக்காக இருந்தன. வெள்ளை, மஞ்சள், கறுப்பு சிலிக்கோன். புதிதாகப் பூசும்போது வினிகர் வாடை அடிக்குமே, அந்த வகை சிலிக்கோன் காயும்போது வெளிவருவது அமிலம். இரும்பு தெரியும் இடத்தில் பட்டால் துருவை அதுவே கூட்டும். எச்சம் இருந்தால் புதுப் பசையும் சாயமும் அதன்மேல் ஒட்டாது. சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி சுரண்டினோம்.

கீழ் மூலையில் இருபது காசு அளவில் இரண்டு துருத் திட்டுகள். ஸ்குரூடிரைவரை நான் எடுப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார். ஒரு திட்டில் அழுத்தினார். துகள் கொட்டியது. இன்னொன்றில் அழுத்தினார். நான் மூச்சுவிடவில்லை.

இறங்கவில்லை.

கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு நிறுத்தும் திரவம், பிரைமர், சாயம். பிறகு ஒரு வாரம் காயவிட்டோம். அடுத்த வாரம், கார் கண்ணாடிக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் சீலண்டை இடைவெளி விடாமல் ஒரே கோடாக இட்டு, புதுக் கிளிப்புகளில் பட்டையைப் பதித்து, டேப்பால் இழுத்து ஒட்டினோம். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். நம் ஊர்ப் புழுக்கத்தால் இப்படியும் ஒரு நன்மை! வெயில் நேராகப் பட்டால் நாளடைவில் கெட்டுப்போகும் என்பதால் பட்டைக்கு அடியிலேயே நின்றுகொள்ளும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியே அசைந்தால் மட்டும் வீட்டில் முயலாதீர்கள், கண்ணாடிக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

மறுநாள் சோதனை. அப்பா டார்ச்சோடு பின்சீட்டில் ஏறி, பூட் தெரியும்படி சாய்மானத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஹோஸை மெதுவாகத் திறந்து, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே போனேன். மேலிருந்து ஊற்றினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியாது.

"வருதாப்பா?"

"இல்ல."

பத்து நிமிடம் கழித்து, "இருக்கட்டும், இங்க ஈரம்!" என்று குரல் வந்தது. என் வயிறு கலங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், டார்ச் வெளிச்சம் கண்ணாடிப் பக்கமே இல்லை. பூட்டின் இடது மூலையில், பின்விளக்கு ரப்பருக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்: "இதுல நான் சிலிக்கோன் போடவே இல்லம்மா."

பின்விளக்கு ரப்பர் தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மா இன்னும் முன்சீட்டில்தான்.