பாட்டு நம் காதில், பாடியவர் பெயர் எங்கே?

நெய்வேலி நகரியத்தில் ஜம்புலிங்க முதலியாரின் பெயரை அறியாதவர் இரார். 1930-களில் அவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டில் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி கண்ணில் பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. இந்தக் கதை ஊருக்கே மனப்பாடம்.

ஆனால், சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்து போன குடும்பங்கள் எவை என்று கேளுங்கள். சட்டென்று பதில் வராது. விளக்கு எரிகிறது, அவர்கள் பெயர்கள் மட்டும் இருட்டில் நிற்கின்றன.

சங்கீத உலகமும் இதற்கு விலக்கல்ல. பாட்டு நாடெங்கும் பரவிவிடும். பாடியவர் யார், எழுதியவர் யார், தாளம் போட்டவர் யார் என்றால் நாம் விழிப்போம். இந்த நிலையை மாற்றிக் காட்டுவோம் என்று புறப்பட்ட தமிழ்நாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பத்தொன்பது பேர்

2018 ஜனவரி 6-ஆம் தேதி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். மாலையிலேயே கூட்டம் நெருக்கியடித்தது. ஒரே மாதிரி கோட்டு அணிந்த கலைஞர்கள் மேடை ஏறினார்கள். ஒருவரல்ல, இருவரல்ல, பத்தொன்பது பேர்! குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 'சாதியற்றோர் கூட்டம்' என்று தமிழில் சொல்லலாம்.

பெயர் ஆங்கிலமானாலும் அதன் வேர் தமிழ்தான். 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களைச் 'சாதியற்ற தமிழர்' என்று குறித்தார். நூறாண்டு கடந்து அந்தச் சொல்லே ஒரு பாட்டுக் குழுவின் பெயராயிற்று.

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் கை கோத்து 2017-இல் இதற்கு அடித்தளம் இட்டனர். பாட்டுக்கு முத்து, பாலச்சந்தர், இசைவாணி, அறிவு, செல்லமுத்து, டோலக்குக்குத் தரணி, சட்டிக்குச் சரத், கட்ட மோளத்துக்குக் கௌதம், பறைக்கும் தவிலுக்கும் நந்தன், டிரம்ஸுக்கு மனு கிருஷ்ணன், கிதாருக்குச் சாகிப் சிங். இப்படி ஒவ்வொருவரும் தத்தம் பெயரோடு அறிமுகமானார்கள்.

சாவு வீட்டிலிருந்து மேடைக்கு

இதில் என்ன புதுமை என்று சிலர் கேட்கக் கூடும். சட்டி, கட்ட மோளம், பறை ஆகிய வாத்தியங்களை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? சாவு வீட்டு வாசலில் அல்லவா? வட சென்னையின் கானாப் பாட்டும் அப்படித்தான். இறந்தவரைப் பற்றி இரவெல்லாம் கண் விழித்துப் பாடுவார்கள். பொழுது விடிந்தால் பாடியவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. வாசிப்பவருக்குக் கூலி உண்டு; வித்வான் என்ற பட்டம் இல்லை.

அந்த வாத்தியங்களைத்தான் இந்தக் குழுவினர் கிதாரோடும் டிரம்ஸோடும் சரிசமமாக மேடையில் வைத்தார்கள். கானாவும், மேல்நாட்டு ராக் சங்கீதமும், தாளத்துக்கு வசனம் போல் வேகமாகச் சொல்லும் ராப்பும் ஒன்றாகக் கலந்தன. பாட்டின் பொருளும் சாமான்யமானதன்று. அம்பேத்கரைப் போற்றி ஒரு பாட்டு, இட ஒதுக்கீட்டின் நியாயத்தைச் சொல்லி ஒரு பாட்டு, வட சென்னையின் பெருமையைக் கூறி ஒரு பாட்டு. கேட்டவர்களில் கை தட்டியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஆண்களின் கோட்டையாகவே இருந்த கானாவில் ஒரு பெண் குரல் எழுந்ததும் இந்த மேடையில்தான் பலருக்கும் தெரிய வந்தது. இராயபுரத்து இசைவாணி சிறு வயது முதலே பாடி வந்தவர். 2020-ஆம் ஆண்டில் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்மணிகள் பட்டியலில் அவர் பெயரும் இடம் பெற்றது.

கிளைத்த மரம்

ஒரு குழு நிலைத்தால் அதன் கலைஞர்கள் தனித்தனியாகவும் கிளை விடுவது இயல்பு. அரக்கோணத்தில் பிறந்த அறிவு, இசைக் கலைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019-இல் 'தெருக்குறள்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். டென்மா 2019-இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022-இல் 'நட்சத்திரம் நகர்கிறது' ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். மார்கழி என்றாலே சபாக் கச்சேரிதான் என்றிருந்த சென்னையில், நீலம் மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவை நடத்தத் தொடங்கியது. கானாவும் ஒப்பாரியும் பறையும் அங்கே சீசன் கச்சேரி ஆயின.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் பாடகி தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்த நிலமின்றித் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையே அறிவு அதில் வைத்திருந்தார். மண்ணை இழந்தவர் பாட்டு மண்ணெல்லாம் ஒலித்தது. கோடிக் கணக்கானோர் கேட்டார்கள்.

மறைந்த பெயர்

அங்கேதான் வினையும் தொடங்கிற்று. 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை இந்தப் பாட்டைப் பேசியது. அட்டையில் அறிவின் படம் இல்லை. ரஞ்சித் கண்டித்தார். பிறகு அந்தப் பத்திரிகை இணையப் பதிப்பில் அறிவுக்குத் தனி அட்டை போட்டது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. அவர் மனம் வெதும்பி அறிக்கை விட்டார். அறிவின் பெயரைத் தாங்கள் மறைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் உரைத்தார்கள். அந்தப் பாட்டால் தங்களில் எவருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கு யார் பக்கம் என்பது நம் வேலையன்று. உலகம் பாடிய பாட்டில் பெயரும் காசும் இவ்வளவு குழப்பத்துக்கு உள்ளாயினவே என்பதுதான் கவனிக்கத் தக்கது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயுமன்று. பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், சிறு நிறுவனங்கள் மூலம் இசைத்தட்டு வெளியிடும் குழுக்களை இங்கிலாந்தில் 'இண்டி' என்பார்கள். அவற்றுள் பிரசித்தமானது மான்செஸ்டரில் 1982-இல் தோன்றிய 'தி ஸ்மித்ஸ்'. மாரிஸ்ஸி பாடகர், ஜானி மார் கிதார், ஆண்டி ரூர்க் பேஸ் கிதார், மைக் ஜாய்ஸ் டிரம்ஸ். 1984 முதல் 1987 வரை ஆண்டுக்கு ஒன்றாக அவர்களுடைய நான்கு ஸ்டூடியோ இசைத்தட்டுத் தொகுப்புகள் வெளிவந்தன; 1987-இல் குழு கலைந்தது. பாட்டு எழுதிய முதல் இருவரும் இசைத்தட்டு வருமானத்தில் ஆளுக்கு நூற்றுக்கு நாற்பது எடுத்துக் கொண்டு, மற்ற இருவருக்கும் பத்துப் பத்துக் கொடுத்து வந்தார்கள். ஜாய்ஸ் நீதிமன்றம் ஏறினார். நால்வரும் சம பங்காளிகளே, அவருக்கு நாலில் ஒரு பங்கு உண்டு என்று 1996-இல் தீர்ப்பாயிற்று. தாளம் போட்டவரும் பாட்டுக்குச் சொந்தக்காரர்தான் என்பதை நிலைநாட்ட ஒரு நீதிபதி வேண்டியிருந்தது!

தனித்த பெயர்

பெயர் மறைவது ஒரு கொடுமை என்றால், வேண்டாத நேரத்தில் ஒரே பெயரை மட்டும் நினைப்பது இன்னொரு கொடுமை. கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டுக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018-இல் ஒரு பாட்டுப் பாடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அது ஐயப்ப பக்தர்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று புகார்கள் எழுந்தன. பாட்டு உருவானது குழுவின் கூட்டு முயற்சியில். ஆயினும் புகாரும், தொலைபேசி மிரட்டலும், வசவும் போய்ச் சேர்ந்தது இசைவாணி என்ற ஒரு பெண்ணிடம். நீலம் மையம் முன்வந்து, பாட்டு குழுவினுடையது, உரிமையைப் பற்றியது என்று விளக்கம் அளித்தது.

புகழைப் பங்கிடும்போது பெயர்கள் குறைகின்றன. பழியைச் சுமத்தும்போது ஒரு பெயர் மட்டும் மிஞ்சுகிறது. இந்தக் குழுவின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

அறிவு 2024-இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர். தேயிலை பறித்த ஒரு மூதாட்டியின் பெயர் இசைத்தொகுப்பின் அட்டையில் ஏறிவிட்டது. இனி அதை யாரும் அழிக்க முடியாது.

நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பறை அடிப்பவர்கள், கூத்துப் பாடுபவர்கள், தவில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் வருகிறார்கள். ஊர்த் திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர் ஒன்றுவிடாமல் அச்சாகிறது. பறை அடித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. அடுத்த முறை நோட்டீஸ் அடிக்கும்போது அவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். ஒரு வரிதான் கூடும். அச்சுக் கூலியும் அதிகமாகாது.