பாறைக்குழி உளுவைகள்

ஓதம் வற்றிய பொழுதில் பாறைக்கரையில் தேங்கி நிற்கும் சிறு குட்டையொன்றைக் குனிந்து நோக்குவோமாயின், பாசி படிந்த கல்லின் சிதறல் என்று நாம் எண்ணியிருந்த ஒன்று, நம் நிழல் விழுந்த மாத்திரத்தில் மெல்ல நகர்ந்து இடுக்கில் ஒதுங்குவதைக் காணலாம். பெரும்பாலும் விரல் நீளமே உள்ள இம்மீன், நம் வலைஞர் உளுவை என்று வழங்கும் பெருங்குடும்பத்தில், பாத்திகோபியஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. டச்சு வைத்தியர் பிளீக்கர் அளித்த அப்பெயர் 1878ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் இணைந்து கிண்ணம் போலாகி, அலை மோதுகையில் பாறையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன; மார்புத் துடுப்பின் மேல்விளிம்பிலோ பட்டு நூற்பிரிகளைப் போன்ற மெல்லிய கதிர்கள் தனித்தனியே நிற்கின்றன. ஆண்மீன் பெண்மீனை அழைக்கையில் தாழ்ந்த குரலில் உறுமும். பின்னர் கல்லின் அடியில் ஒட்டிய முட்டைகளுக்குத் தானே காவலிருக்கும்.

ஆயினும் என் மனத்தை முற்றும் கவர்ந்தது இம்மீனின் ஞாபகசக்தியே. பகைவன் நெருங்கினால் அது குட்டையினின்று துள்ளி, இடையே நிற்கும் பாறைவரம்பைக் கடந்து, தன் கண்ணுக்குப் புலப்படாத அடுத்த குட்டையில் பிசகாமல் விழுகிறது. சில வேளை அவ்வாறே குட்டை குட்டையாகத் தாவிக் கடலையும் அடைந்துவிடுகிறது. வெறும் பாறையில் விழுந்தால் உயிருக்கே அபாயமன்றோ? பஹாமாத் தீவுகளில் இத்தாவலைக் கண்டு வியந்த லெஸ்டர் ஆரன்சன், நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர், 1951ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஓதம் ஏறுகையில் குட்டைகளின்மேல் தாராளமாக நீந்தித் திரியும் மீன், அப்போதே பள்ளமும் மேடும் அமைந்த விதத்தை மனத்திற் பதித்துக்கொள்கிறது என்பதே அவர் கண்ட முடிவு.

பின்னர் அவர் செயற்கைக் குட்டைகள் அமைத்துப் பரிசோதித்தபோது, நீர்ப்பெருக்கில் அவ்விடத்தை நீந்தி அறியாத மீன்கள் சீண்டப்பட்டுத் துள்ளியதில் 100க்கு 15 தாவல்களே சரியாக அமைந்தன. ஒரே ஒரு பெருக்கில் நீந்தவிட்ட பின்னரோ அது 97 ஆயிற்று. அவ்விடத்தினின்று அகற்றி, 40 நாட்கள் கழித்து மீண்டும் கொணர்ந்து விட்ட மீன்களும், புதிதாக நீந்திப் பாராமலே, வரம்புக்கு அப்பாலிருந்த நீரை நோக்கித் திரும்பித் தாவின.