என்ஜினைக் காக்கும் ரப்பர் வளையம்

போன பொங்கலுக்கு நம் சங்கத்து விழாவில் சர்க்கரைப் பொங்கல் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த பலர் சமையல்காரரைத் திட்டினார்கள். என் வீட்டு அம்மாளும் அதில் சேர்த்தி. உண்மையில் சமையல் நேரத்துக்கு முடிந்துவிட்டது. பாத்திரங்களை ஏற்றி வந்த வண்டிதான் பிப்லானி தாண்டி பெல்ட் அறுந்து நின்றுவிட்டது.

வண்டிக்காரர் நமக்கெல்லாம் வேண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போபாலுக்கு வந்து இருபது வருடமாக மெஸ் நடத்துகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன். காலையில் இட்லி மாவு, மதியம் சாப்பாட்டுக் கேரியர், முகூர்த்த நாளில் கல்யாணப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய டீசல் வண்டி ஒன்றுதான் அவருக்குக் கை கால். 2009-ல் தயாரானது, இரண்டாம் கையாக வாங்கியது.

விழா முடிந்த மறுநாள் தம்பி என் வீட்டுக்கு வந்தார். நான்கு மாதத்தில் அறுந்தது மூன்றாவது பெல்ட்டாம். ஆல்டர்னேட்டரில் பேரிங் மாற்றியாயிற்று. இப்போது வண்டி நின்றபடி ஓடும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வேறு. மிஸ்திரி காது வைத்துக் கேட்டுவிட்டு, "இஞ்ஜன் உதார்னா படேகா" என்று சொல்லிவிட்டாராம். அதாவது என்ஜினை இறக்கி, கிராங்க் ஷாப்ட் பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும். 65,000 ரூபாய் ஆகும். தம்பியிடம் அந்தப் பணம் இருந்தது. ஆனால் அது மகளின் பாலிடெக்னிக் படிப்புக்கு எடுத்து வைத்தது.

"சார், பேசாம வண்டியை வித்துரட்டுமா?" என்றார்.

"ரயில் என்ஜின் பார்த்தவருக்குக் கார் என்ஜின் தெரியுமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனேன்.

அது என்ன வளையம்?

வண்டியின் முன்மூடியைத் திறந்தால், என்ஜினின் முன் முனையில் பெல்ட் ஓடும் பெரிய புல்லி ஒன்று தெரியும். பலரும் அதை ஒரே இரும்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல வண்டிகளில் அது மூன்று பாகம்: கிராங்க் ஷாப்ட்டோடு சேர்ந்த நடுக்கட்டை, வெளியே ஒரு கனமான இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டி வைத்த ரப்பர். இதற்கு ஹார்மோனிக் பாலன்ஸர் என்று பெயர். பெயரில் பாலன்ஸ் இருந்தாலும் இதன் முக்கிய வேலை எடையைச் சமன் செய்வது இல்லை, அதிர்வை அடக்குவது.

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் எரிந்து பிஸ்டனை அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் ஷாப்ட், ஈரத்துணியைப் பிழிவது போல மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டு மறுபடி நிமிர்கிறது. ஊஞ்சலை அது வரும் சமயம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும் அல்லவா? அதே போல, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த அடிகளும் ஷாப்ட்டின் இயல்பான துடிப்பும் ஒத்துப்போய்விட்டால் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். எஃகு எத்தனை கெட்டியானாலும் அலுத்துப்போய் ஒருநாள் வெடித்துவிடும்.

வெளி வளையம் கனமானது. ஒரே சீராகச் சுற்றவே விரும்பும். ஷாப்ட் துடிக்கும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு, அந்தத் துடிப்பைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. மோட்டார் கார்கள் வந்த புதிதிலேயே இந்தத் தொல்லை இருந்தது. இங்கிலாந்தின் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1910 வாக்கிலேயே கிராங்க் ஷாப்ட்டுக்கு இப்படி ஓர் அதிர்வு அடக்கியைச் செய்திருக்கிறார்.

ரப்பருக்கு ஓடிய கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. சூடும் எண்ணெயும் பட்டு வெடிக்கும், பிதுங்கும், கடைசியில் ஒட்டு விட்டுவிடும். அப்புறம் வெளி வளையம் தன் இடத்திலிருந்து நகர்ந்து தள்ளாடும். பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்து அறுந்துகொண்டே இருக்கும். வளையம் கட்டையில் இடித்து 'டொக் டொக்' என்று சத்தம் போடும். கேட்பவருக்கு அது பேரிங் சத்தம் போலவே இருக்கும்.

டீசல் ஷெட்டில் கற்றது

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. வாரணாசியில் 1964 முதல் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 டீசல் லோகோக்களில்தான் என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. அதன் கிராங்க் ஷாப்ட் முனையிலும் ஓர் அதிர்வு அடக்கி உண்டு. அதில் ரப்பர் இல்லை. மூடிய எஃகு டப்பாவுக்குள் கனமான வளையம் ஒன்று, தேன் போன்ற சிலிகான் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

1986-ல் ஒரு நாள், இறக்கி வைத்திருந்த அப்படி ஒரு டப்பாவில் சின்னத் தழும்பு இருப்பதை வயதான ஃபிட்டர் ஒருவர் எனக்குக் காட்டினார். "சாப், இது வேண்டாம், வேறு போடலாம்" என்றார். வெளியே கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே வளையம் மிதக்க இடமில்லாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். டிப்ளமா வாங்கிய எனக்கும் தெரியும். ஆனால் அன்று மாலைக்குள் லோகோவை வெளியே அனுப்ப வேண்டும் என்ற அவசரம். "பெயிண்ட் உரிந்ததுதான், மாட்டுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்த லோகோவின் கிராங்க் ஷாப்ட் முறிந்தது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் உலோகச் சோர்வு என்று எழுதி முடித்தார்கள். அந்தத் தழும்புதான் காரணம் என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் விசாரணையில் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஃபிட்டரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 2018-ல் பணி ஓய்வு பெற்ற பின்னும் சில இரவுகளில் அந்த டப்பா என் கண் முன் வருகிறது.

ஆகவே இந்த வளையத்தில் கோளாறு என்றால் நான் அவசரப்படுவதில்லை.

நகப்பூச்சு வைத்த கோடு

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டோம். பெல்ட் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பம்பு சுற்றாது, அதனால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே ஆல்டர்னேட்டரும் பம்பும் குற்றவாளிகள் அல்ல. என்ஜின் ஆயிலை வடித்து வெயிலில் பார்த்தோம். உலோகத்தூள் மினுமினுப்பு இல்லை. ஆயில் பிரஷரும் சரியாக இருந்தது. பேரிங் போயிருந்தால் இவை வேறு கதை சொல்லியிருக்கும்.

பிறகு நடுக்கட்டையிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை நேராக ஒரு கோடு போட்டேன். சாக்பீஸ் நிற்காது, தம்பியின் மகள் தன் நகப்பூச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். புதிய பெல்ட்டை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், கோடு இரண்டாக வெட்டுப்பட்டு, வெளிப்பாதி ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. தம்பி அதைக் குனிந்து பார்த்தவர் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். வேண்டாம் என்றேன், அங்கே கிடைக்கும் ரப்பருக்கும் இதே வயதுதான். வண்டியின் எண்ணைச் சொல்லிப் புதியதே வாங்கினோம். பள்ளம், விட்டம், நடுக்கட்டையின் நீளம், டைமிங் குறி ஆகிய நான்கும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்காக முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வண்டியின் கீழே போக வேண்டியிருந்தால் ஸ்டாண்டு வைத்துத்தான் போக வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. விசிறியையும் அதன் கூண்டையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

நடு போல்ட்தான் பெரிய சோதனை. டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் என்ஜின் சுற்றாது. தம்பியின் மகள் பிரேக்கில் உட்கார்ந்தாள். சாக்கெட் கைப்பிடியில் நாலடிக் குழாயைச் செருகி மெதுவாக எடை கொடுத்தோம். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் திருப்பினால் கழலும். சிலவற்றில் மரை எதிர்த்திசை, முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். கைப்பிடியைத் தரையில் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டைக் கழற்றும் வித்தை ஒன்று உண்டு. செய்யாதீர்கள். கைப்பிடி தெறித்தால் கையோ முகமோ போய்விடும்.

வளையத்தை இழுக்க, நகம் வைத்த புல்லரை வெளி விளிம்பில் மாட்டக் கூடாது. ரப்பரிலிருந்து வளையம் மட்டும் பிய்ந்து கையோடு வரும். நடுக்கட்டையில் மரையிட்ட துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர்தான் சரி. எங்களுக்கு அது இருபது நிமிடத்தில் வந்தது. பின்னால் இருந்த ஆயில் சீலையும் மாற்றிவிட்டோம். அதற்காக இன்னொரு முறை இத்தனையையும் கழற்றுவது வீண் வேலை. ஷாப்ட்டில் இருக்கும் சாவித்துண்டு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதியதை ஏற்றும்போது சீல் உதட்டில் எண்ணெய் தடவி, சாவிக்கு நேராக வைத்து, நீளமான போல்ட்டும் வாஷரும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உட்கார வைக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் புது ரப்பரும் கெடும், உள்ளே பேரிங்கும் அடிபடும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுப்படி. பழைய போல்ட்டை மறுபடி போடக் கூடாது என்று கையேடு சொன்னால் புதியதே போடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுமுன் நியூட்ரலில் போட்டு என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

மதியம் மூன்று மணிக்குத் தம்பி சாவியைத் திருகினார். சத்தம் இல்லை. பெல்ட் கோடு போட்டது போல ஓடியது. வளையம், சீல், பெல்ட் எல்லாம் சேர்த்து ஆன செலவு 4,650 ரூபாய்.

மிஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் காதால் கேட்டார்; கோடு போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் கண்ணால் பார்த்தும் கையெழுத்துப் போட்டவன்.

கை கழுவும்போது ஷெட் கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அந்த ஃபிட்டர் அப்புறம் உங்ககிட்ட பேசினாரா தாத்தா?" என்று கேட்டாள்.

"தினமும் பேசினாரம்மா. அதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசவில்லை" என்றேன்.

அவள் ஃபீஸ் கட்டியாயிற்று. மெக்கானிக்கல் எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன், கம்ப்யூட்டர் எடுத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டி பத்து வயதைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை பெல்ட் மாற்றும்போது என்ஜினை நிறுத்திவிட்டு அந்த ரப்பரை டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்போ பிதுக்கமோ தெரிந்தால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நகப்பூச்சு எல்லார் வீட்டிலும் இருக்கும். புல்லரும் டார்க் ரெஞ்ச்சும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது துடைத்துத் தந்தால் போதும்.